கிளென்வே போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்தின் வடமேற்கில் டொனகால் மாவட்டப் பக்கம் குடும்பச் சுற்றுலா போகும் அயர்லாந்துத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். கோடை வந்தால் கிளென்வே தேசியப் பூங்காவில் உள்ள மாளிகை முன் நின்று நீங்கள் எடுக்கும் படங்களைப் பார்க்கிறேன். ஏரி, மலை, தோட்டம் எல்லாம் அழகுதான். ஆனால் கீழே "ஆளே இல்லை, என்ன அமைதி!" என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

ஆட்கள் இருந்தார்கள். 1861 ஏப்ரலில் மூன்றே நாளில் அந்த மாளிகை இருக்கும் பக்கத்து டெரிவே மலைப்பகுதியிலிருந்து 47 குடும்பங்கள், 244 பேர், தெருவுக்குத் துரத்தப்பட்டார்கள். துரத்தியவர் பண்ணையார் ஜான் ஜார்ஜ் அடேர். குத்தகை பாக்கி என்றால்கூட ஒரு கணக்கு இருக்கும். இது அதுவுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்தான் அந்த நிலங்களை வாங்கியிருந்தார். வேட்டை, ஆடு மேய்ச்சல் என்று குடிகளோடு ஓயாத தகராறு. 1860 நவம்பரில் அவருடைய பண்ணை மேற்பார்வையாளர் ஜேம்ஸ் மரே கொல்லப்பட்டார். கொன்றது யார் என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. சரி, ஆள் அகப்படவில்லையா, ஊரையே காலி செய் என்று முடிவெடுத்துவிட்டார் அடேர். சட்டமும் அவர் பக்கம்தான். போலீஸ் காவல் நிற்க, கடப்பாரை ஆட்கள் முதலில் வந்து நின்றது ஒரு கைம்பெண்ணின் வாசலில். கூரையைப் பிரித்துவிட்டால் திரும்பி வந்து படுக்க முடியாது இல்லையா, அதற்குத்தான் கடப்பாரை.

போக்கிடமில்லாத பலர் பக்கத்து ஊரான லெட்டர்கென்னியின் ஏழைகள் விடுதிக்குப் போனார்கள். இளையவர்கள் பலரை நிவாரண நிதி ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. நீங்கள் படமெடுக்கும் அந்த மாளிகையை அடேர் கட்டியது இதற்கெல்லாம் அப்புறம்.

அந்த வீட்டில் வாரிசு தங்காது என்று ஒரு சாபக் கதை டொனகாலில் உண்டு. அடேருக்குப் பிள்ளை இல்லை என்பது உண்மை. சாபத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நீதிமன்றம் கைவிட்டவர்கள் மண்ணை வாரித் தூற்றாமல் வேறென்ன செய்வார்கள்?

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள். ஆனால் பிள்ளைகள் "இங்கே ஏன்பா வீடே இல்லை?" என்று கேட்டால், தேசியப் பூங்கா, அதனால்தான் என்று முடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் அங்கே படமெடுத்த ஒருவன்