ஜன்னலைச் சொல், செடியைச் சொல்கிறேன்

குன்னூர்
செப்டம்பர் 21

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, ரூம்ல ஒரு பிகோனியா வைக்கலாம்னு இருக்கேன், எது வாங்கட்டும்?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கி, கம்பளி போதுமா, என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்துவிட்டாள். நாலு நாளாக அந்தக் கேள்வி மனதிலேயே நிற்கிறது. இலை அழகுக்கும் பூவுக்குமாக வளர்க்கும் அந்தப் பிகோனியாச் செடிகளோடு 31 வருஷம் நர்சரியில் இருந்தவன் நான். பெற்ற மகள் கேட்டதற்கு இரண்டு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வராந்தாவில் இருக்கும் நம் பிகோனியாவில், அந்தப் புள்ளிச்செடியில், ஒரு குச்சி அனுப்பலாம் என்று அம்மா துடிக்கிறாள். ஈரப் பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பினால் போய்ச் சேராதா என்று கேட்கிறாள். அந்தச் செடியே அப்படித்தானே நம் வீட்டுக்கு வந்தது! நீ பிறந்த வருஷம் பக்கத்து லைன் வீட்டுப் பாட்டி நனைந்த செய்தித்தாளில் சுற்றி ஒரு குச்சி கொடுத்தார். அதை அம்மா எண்ணெய் டின்னில் நட்டாள். ஆனால் பிரிட்டனுக்குள் செடி போகவேண்டுமென்றால் நோயில்லை என்று அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். தபாலில் ஒளித்து அனுப்புவது தப்பு. பூச்சியும் நோயும் நாடு விட்டு நாடு போவது இப்படித்தான். அதனால் செடியை அங்கேயே வாங்கிக்கொள். எதை வாங்குவது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

செடிக்கு முன்னால் உன் ஜன்னலைப் பார். குன்னூர் இருப்பது 11 டிகிரி வடக்கில், நீ இருக்கும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ இருப்பது 56 டிகிரிக்குப் பக்கத்தில். இங்கே மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். உனக்கு டிசம்பரில் 7 மணி நேரம்தான் வெளிச்சம், அதுவும் பாதி நாள் மேகத்துக்குள்ளிருந்து வரும். ஜூனில் 17 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். பிகோனியாவுக்கு நேர் வெயில் ஆகாது, இலை கருகும் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். அது குன்னூர் வெயிலுக்குச் சொன்னது. அங்கே குளிர்காலச் சூரியன் தெற்கில் தாழ்வாகத்தான் போகும், அதில் கருகவைக்கும் சூடு கிடையாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை தெற்கு ஜன்னலில் தைரியமாக வை. கோடையில் கிழக்கு ஜன்னலுக்கு மாற்று, இல்லையென்றால் ஜன்னலை விட்டு நாலடி உள்ளே தள்ளி வை. வடக்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கேற்ற செடி வேறு, கீழே சொல்கிறேன்.

ஜன்னலுக்கு அடியில் ஹீட்டர் இருக்கிறதா என்றும் பார். அங்கத்திய வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். கீழிருந்து ஏறும் வறண்ட சூடு இலை ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். அப்படி இருந்தால் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதில் வை.

சரி, செடிக்கு வருகிறேன்.

நீ முதலில் பார்க்கப்போவது சூப்பர் மார்க்கெட்டில் வாசலருகே அடுக்கி வைத்திருக்கும் பிகோனியாவை. சின்ன ரோஜா மாதிரி அடுக்கடுக்காக ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என்று பூத்துத் தள்ளியிருக்கும். எலாட்டியர் என்பது அதன் வகைப்பெயர். அதைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அரபிக்கடலில் சொகோத்ரா என்று ஒரு தீவு இருக்கிறது. பாலைவனம் போல வறண்ட இடம். 1880இல் ஐசக் பெய்லி பால்ஃபர் என்ற தாவரவியல் பேராசிரியர் அங்கே போனார். எந்த ஊர்ப் பேராசிரியர் தெரியுமா? நீ இருக்கும் கிளாஸ்கோதான். மற்ற பிகோனியாக்கள் குளிர்காலத்தில் சோர்ந்து கிடக்கும்போது பூக்கிற ஒரு பிகோனியாவை அவர் அங்கே கண்டார். கோடை வறட்சியில் காய்ந்து, மண்ணுக்குள் சின்னச் சின்னக் குமிழாகத் தூங்கி, குளிர் வந்ததும் எழுந்து பூக்கும் செடி அது. அதை வைத்து 1891இல் பிரான்சில் லெமுவான் என்பவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்கும் ஒரு கலப்பினத்தை உண்டாக்கினார். தென் அமெரிக்க மலைகளின் கிழங்கு பிகோனியாக்களோடு அதே சொகோத்ராச் செடியைச் சேர்த்துப் பிறந்ததுதான் எலாட்டியர். உன் தெருக்கடையில் விற்கும் பூவின் வேர் உன் ஊர்ப் பேராசிரியரின் கையிலிருந்து வந்தது. நர்சரியில் இதைப் படித்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்ததோ, நீ அந்த ஊரில் இருக்கிறாய் என்பதால் இப்போது அதைவிட அதிகமாக இருக்கிறது.

அதை வாங்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பூங்கொத்து வாங்குகிற மாதிரி வாங்கு. இரண்டு மூன்று மாதம் பூக்கும், பிறகு தளர்ந்துவிடும். அது உன் குற்றம் என்று வருத்தப்படாதே. அதை மறு வருஷம் பூக்கவைக்கக் கைதேர்ந்தவர்களே சிரமப்படுகிறார்கள்.

கூடவே இருக்கிற செடி வேண்டுமென்றால் இலைக்காக வாங்கு. நம் புள்ளிச்செடியின் ஜாதிதான் உனக்கு என் முதல் யோசனை. மூங்கில் மாதிரி கணுக்கணுவாக நிமிர்ந்து வளர்வது. மக்குலாட்டா என்று பெயர் எழுதியிருப்பார்கள். பிரேசில் காட்டுச் செடி. கரும்பச்சை இலையில் வெள்ளிப் புள்ளி, திருப்பினால் சிவப்பு. லூசர்னா என்ற பெயரில் கிடைத்தால் இன்னும் நல்லது, நம் வீட்டில் இருப்பது கிட்டத்தட்ட அதுதான். பவளநிறப் பூ கொத்தாகத் தொங்குமே, நீ அதைக் காதில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாயே, அது. இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, அடி இலை உதிர்ந்து, கொம்பு மட்டும் நிற்கும்.

வடக்கு ஜன்னல்தான், அல்லது வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவாய் என்றால் எரித்ரோஃபில்லா வாங்கு. 1845இலேயே உண்டாக்கிய பழைய கலப்பு. இஞ்சி மாதிரி தண்டு மண்ணோடு படுத்துக்கொண்டு போகும், இலை வட்டமாகத் தடித்து மேலே பளபளப்பாகவும் அடியில் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். அந்தத் தண்டிலேயே தண்ணீர் சேர்த்து வைத்திருப்பதால் ஒரு வாரம் மறந்தாலும் பொறுக்கும். நர்சரியில் புதுப் பையன்கள் கையில் முதலில் இதைத்தான் கொடுப்போம். கடைகளில் அதிகம் கண்ணில் படாது. வளர்க்கிறவர்களிடம் கேட்டால் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பார்கள்.

ரெக்ஸ் பிகோனியா வேண்டாம், முதல் வருஷம் வேண்டாம். அது எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாதா! 1850களில் அசாமிலிருந்து ஆர்க்கிட் செடிகளோடு கலந்து ஐரோப்பாவுக்குப் போன காட்டுச்செடி, பார்த்தவர்கள் ரெக்ஸ், அதாவது ராஜா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது காற்றில் ஈரம் கேட்கும். ஹீட்டர் ஓடுகிற அறையில் டிசம்பரில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும், நீ செத்துவிட்டது என்று எறிந்துவிடுவாய். ஜன்னல் உள்ள குளியலறை இருந்தால் சொல், அப்போது யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் தண்ணீர் விஷயத்தில் என் பேச்சைக் கேள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நாற்பது தொட்டி ரெக்ஸ் என் பொறுப்பில் இருந்தது. கார்த்திகை மழை, பத்து நாள் வெயில் முகமே இல்லை. இலை துவண்டது. தாகம் என்று நினைத்துச் சாயங்காலம் தண்ணீர் விட்டேன். மறுநாள் இன்னும் துவண்டது, இன்னும் விட்டேன். ஒரு வாரத்தில் தண்டின் அடி கூழாகிவிட்டது. முதலாளி திட்டவில்லை. ஒரு தொட்டியைக் கவிழ்த்து வேரைக் கையில் வைத்துக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் உரிந்து வந்தது. அழுகிய வேர் தண்ணீர் குடிக்காது, அதனால்தான் இலை துவள்கிறது என்றார். காய்ந்தாலும் துவளும், மிஞ்சினாலும் துவளும். இலையைப் பார்த்துத் தண்ணீர் விடாதே. விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் விடு. கொஞ்ச நாள் பழகினால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே தெரிந்துவிடும். காலையில் விடு, இலையில் படாமல் மண்ணில் விடு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. குளிர்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும் என்றுகூட ஆகலாம். உனக்கு ஒரு நல்ல காலம், உங்கள் குழாய்த் தண்ணீர் கேட்ரின் ஏரியிலிருந்து வருவது, மழைத்தண்ணீர் மாதிரி மென்மையானது. அப்படியே விடலாம்.

இலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள், தெளிக்காதே. ஈரக் காற்றும் அடைத்த அறையும் சேர்ந்தால் திருநீறு பூசியது போல வெள்ளை படரும். சாம்பல் நோய் அது. கண்டால் அந்த இலையைக் கிள்ளி வெளியே போட்டுவிட்டு ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வை.

கடையில் பார்க்கும்போது பூவைப் பார்க்காதே, இலையைத் திருப்பிப் பார். கணு இடுக்கில் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, வேண்டாம். தண்டின் அடியை மெல்ல அழுத்து, கெட்டியாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும்போது காகிதத்தில் நன்றாகச் சுற்று. 10 டிகிரிக்குக் கீழே குளிர்க்காற்று பட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரத்திலேயே அடிபடலாம். வந்தவுடன் தொட்டி மாற்றாதே, வசந்தம் வரட்டும். மாற்றும்போதும் ஒரு விரல் அகலம்தான் பெரிய தொட்டி. தேங்காய் நார்த்தூளோடு பெர்லைட், அந்த லேசான வெள்ளைத் துகள், கலந்துகொள். அப்புறம் பூ உதிர்கிறதே என்று போன் செய்யாதே. ஒரே செடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ சீக்கிரம் விழும், அது அதன் இயல்பு. இதழுக்குப் பின்னால் மூன்று சிறகு வைத்தது பெண் பூ, அது நின்று பூக்கும்.

உன் அறைத்தோழி பூனை வளர்க்கிறாள் என்றாயே? பிகோனியாவில் ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்பு உண்டு, பூனைக்கு வாய் எரியும், வாந்தி வரும். அதன் கைக்கு எட்டாத இடமாகப் பார். சோலைக்காட்டு ஓடையில் ஈரப் பாறையோரம் வளரும் மலபாரிகா பிகோனியாவின் தண்டை நீ கடித்துப் பார்த்து, புளிக்குது என்று துப்பினாயே, அந்தப் புளிப்பு இதுதான். அன்றைக்குத்தான் நீ கேட்டாய், இந்த இலை ஏன் ஒரு பக்கம் பெரிசா ஒரு பக்கம் சின்னதா இருக்குன்னு. ஏறக்குறைய எல்லாப் பிகோனியாவுக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். ஏழு வயதில் நீயாகக் கண்டுபிடித்தாய். அந்த வாரம் நர்சரியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை உங்கள் ஊர் தாவரவியல் தோட்டத்துக்குப் போய் வா. பிரிட்டனின் தேசியப் பிகோனியாச் சேகரிப்பு ஒன்று அங்கேதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதற்கு முன் வளர்ந்த செடி எந்த உயரம், எந்த அகலம் என்று கண்ணால் பார். முடிந்தால் எனக்கு நாலு படம் எடுத்து அனுப்பு. நான் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க நினைத்த இடம்.

ஜன்னல் எந்தத் திசை, ஹீட்டர் எங்கே, பகலில் விளக்கில்லாமல் எத்தனை மணிவரை புத்தகம் படிக்க முடிகிறது, இந்த மூன்றையும் எழுது. அதுவரை எதுவும் வாங்காதே. அக்டோபர் பாதிக்குள் வாங்கினால் குளிர் இறுகுமுன் அறைக்குப் பழகிவிடும்.

அம்மா உனக்கென்று வெட்டிய குச்சியை எறிய விடவில்லை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, உன் அறை ஜன்னலில் வைத்திருக்கிறாள். தினமும் காலையில் எடுத்துப் பார்க்கிறாள். வேர் விட மூன்று வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா