தலைக்கு எவ்வளவு என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முப்பத்தோரு வருடம் வங்கியில் காசாளராக இருந்தவன் நான். 500 ரூபாய் நோட்டில் ஒரு கோடி என்றால் 200 கட்டு. ஸ்பாஞ்சில் விரலை நனைத்து எண்ணிய பழக்கத்தில், அந்த 200 கட்டும் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் உங்கள் நாளிதழில் 'லட்சம் கோடி' என்று படித்தால் எனக்கே எதுவும் பிடிபடுவதில்லை. நொடிக்கு ஒரு ரூபாயாக எண்ணினால் ஒரு லட்சத்துக்கு ஒரு நாளும் நாலு மணி நேரமும் போதும். கோடிக்குக் கிட்டத்தட்ட நாலு மாதம். லட்சம் கோடிக்கு 31,000 வருடத்துக்கும் மேல்!

2025-26 தமிழக பட்ஜெட் வந்த சமயம், எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி என்று உரக்கப் படித்தார். "அடேயப்பா, இவ்வளவு பணமும் எங்கே போகுது?" என்றார் ஒரு பெரியவர். நான் ஒரு சீட்டில் கணக்குப் போட்டேன். மாதம் 1,000 என்றால் வருடத்துக்கு 12,000. அப்போது வாங்கியவர்கள் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேர். பெருக்கினால் 13,800 கோடி. டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ இது எங்க வீட்ல வாங்குற அந்த ஆயிரம்தானா சார்?" என்றார். அப்புறம் பேச்சே மாறிவிட்டது. யாருக்குக் கிடைத்தது, யார் மனு தள்ளுபடியானது, இந்தப் பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்று அரை மணி நேரம் உருப்படியாக விவாதித்தார்கள்.

2026 மார்ச் இறுதியில் மாநில அரசின் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்றும் அந்த பட்ஜெட் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி இருந்த 7.21 கோடி பேருக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 1,29,000 ரூபாய். அதோடு நிறுத்தினால் வீண் பயம்தான் வரும். மாநிலத்தின் ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பில் இது சுமார் 26 சதவீதம் என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். கடன் கேட்டு வருகிறவரிடம் வங்கியில் முதலில் கேட்பதே வருமானம் எவ்வளவு என்றுதானே.

எந்த வகைப் பணம் என்பதும் முக்கியம். 2010-ல் 2ஜி அலைக்கற்றை பற்றிய தணிக்கை அறிக்கையில் வந்த 1,76,000 கோடி எல்லோருக்கும் மனப்பாடம். அது கஜானாவிலிருந்து எடுத்த பணம் அல்ல, வராமல் போயிருக்கக்கூடிய வருமானத்தின் மதிப்பீடு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளிநாட்டுச் செய்திகளில் பில்லியன், டிரில்லியன் என்று அப்படியே விட்டுவிடுகிறீர்கள். பில்லியன் என்றால் 100 கோடி, டிரில்லியன் என்றால் லட்சம் கோடி என்று அடைப்புக்குள் போட ஒரு வரிகூடத் தேவையில்லை.

அடுத்த பட்ஜெட் அன்று உங்கள் அலுவலகத்தில் கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
திண்டுக்கல்.