தெரிந்த விடை ஏன் வரவில்லை? கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கணக்கு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா நான். போன மாதம் வகுப்பில் அவளை எழுப்பி, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் கையில் மர ஸ்கேல். வாயடைத்து நின்றவளுக்கு உள்ளங்கையில் இரண்டு அடி. அன்று ராத்திரி தோசை சாப்பிட்டபடியே தம்பிக்கு எட்டாம் வாய்ப்பாட்டைத் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொடுத்தாள். அடி வாங்கிய இடது கை மட்டும் மடியில் மூடியே இருந்தது.

அவள் படிக்காமல் போகவில்லை. மூளைக்குள் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு போல அமிக்டலா இருக்கிறது. ஆபத்து என்று பட்டதும் அது மணியடிக்கும். நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். பாம்பைக் கண்டால் துள்ளி விலக அது வேண்டும்தான். ஆனால் அப்போது பெருகும் நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்கள், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதியை மந்தமாக்கிவிடும். ஏழையும் எட்டையும் மனதில் பிடித்துவைத்துக் கணக்குப் போடும் இடம் அதுதான். அது முழுசாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகும்.

"நாங்களும் அடி வாங்கித்தானே படித்தோம்" என்பீர்கள். பயம் கற்றுக்கொடுக்கும், மறுக்கவில்லை. எலிக்கு ஓர் ஒலியோடு சின்ன மின்அதிர்ச்சியைச் சில தடவை சேர்த்துக் கொடுத்தால், பிறகு அந்த ஒலி கேட்டதுமே அது உறைந்து நிற்கும். என் மகளுக்குக் கணக்குப் பீரியட் மணி இப்போது அப்படி ஆகிவிட்டது. ஞாயிறு சாயங்காலமே வயிறு வலிக்கிறது என்கிறாள்.

ஆர்வத்துக்கு வேறு வழி இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளிடம் பார்த்தது இது: எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது ஆர்வத்தைத் தூண்டும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் துள்ளின. பழகியபின், சாறு வரப்போவதைக் காட்டும் அடையாளம் தெரிந்ததுமே துள்ளின. வரவேண்டிய சாறு வராதபோது அடங்கின. விடை தப்பானாலும் முதல் வரி சரி என்று நீங்கள் போடும் ஒரு டிக், அந்தப் பழச்சாறு மாதிரி.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. அதைக் காட்டி மிரட்ட நான் எழுதவில்லை. ரிசல்ட் குறைந்தால் மீட்டிங்கில் உங்களையும் எழுப்பித்தான் கேட்கிறார்கள். அப்போது உங்களுக்கும் வார்த்தை வராமல் போயிருக்கும்.

ஸ்கேலை மேசைக்குள் வையுங்கள். கேள்வி கேட்டபின் பத்து நொடி காத்திருங்கள். ஐம்பத்தாறு என்று அவளே சொல்வாள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா