வீட்டு ரெக்கார்டிங்குக்கு 100 வாட்ஸ் எதற்கு?

ஆசிரியருக்கு,

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்யும் இளைஞர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், நல்ல சவுண்டுக்குப் பெரிய ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வேண்டும் என்று அதில் சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் மெல்லிசைக் குழுவில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிடார், வாசிப்பவன். என் ரெக்கார்டிங் எல்லாம் வில்லிவாக்கத்து வாடகை வீட்டில், பத்துக்குப் பத்து அறையில்தான்.

100 வாட்ஸ் ஆம்ப், 10 வாட்ஸைப் போலப் பத்து மடங்கு சத்தம் போடாது. ஸ்பீக்கர் ஒன்றே என்றால், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் கேட்கும். பழைய பாணி கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்பில் எல்லோரும் ஆசைப்படும் அந்தக் கரகரப்பு, வால்யூமை நன்றாக ஏற்றினால்தான் வரும். 100 வாட்ஸில் ஏற்றிப் பாருங்கள், ஹவுஸ் ஓனரும் வருவார். கிடாருக்கு 5 வாட்ஸ் தாராளம். ஷூர் எஸ்எம்57 போல ஒரு மைக்கை ஸ்பீக்கர் துணியை ஒட்டி வைத்து, நடுவிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளுங்கள். நட்டநடுவில் வைத்தால் காதைக் கிழிக்கும், ஓரத்துக்குப் போகப் போக மழுங்கும்.

பேஸுக்கு அந்த ஆம்பும் வேண்டாம். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த ஒலியலையின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். சின்ன அறையில் மைக் வைத்தால் அறையின் முழக்கம்தான் பதிவாகும். நேராக இன்டர்ஃபேஸில், அதாவது ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டியில், செருகிவிடுங்கள். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோடவுன் இசை நிறுவனத்தின் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸும் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேரே கன்சோலுக்கு (ஒலிகளைக் கலக்கும் மேசைக்கு) போனதுதான்.

அப்புறம் ப்ரீஆம்ப், அதாவது மைக், கிடாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பதிவுக்கு ஏற்றபடி உயர்த்தும் கருவி. என்னிடம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவனுக்குக் கிடார் சவுண்ட் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. தனியாக ப்ரீஆம்ப் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள் கடையில். அதன் விலை அவன் கிடாரைவிட அதிகம்! அவனுடைய இன்டர்ஃபேஸை வாங்கிப் பார்த்தேன். கிடார் போன்ற கருவிகளுக்கான 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) பட்டன் அழுத்தப்படவே இல்லை. கிடார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) சுமார் 1 மெகா ஓம் மின்தடை உள்ள இன்புட் வேண்டும். கீபோர்டு போன்றவற்றைச் செருகும் லைன் இன்புட்டில் பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும், மேல் ஒலிகள் அங்கேயே அடிபட்டுப்போகும். பட்டனை அழுத்தியதும் கம்பியின் கணீர் வந்துவிட்டது. சாதாரண இன்டர்ஃபேஸிலேயே ப்ரீஆம்ப் இருக்கிறது, வீட்டு வேலைக்கு அது போதும்.

'ங்ங்' என்ற இரைச்சலுக்கும் புதுக் கருவி விற்கிறார்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அடுத்த முறை இதையும் இரண்டு வரி போடுங்கள்.

வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை