நாற்பது கொண்டை ஊசியும் ஒரு ஃபியூஸும்

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் வண்டி போட்டோக்களும் வந்தன. ரிட்டயர்மென்ட் பணத்தில் காட்டை வாங்கிப் போட்டுவிட்டு மாடு மேய்ப்பாய் என்று நினைத்திருந்தேன். நீ டிராவலர் வேனை வாங்கி, உள்ளேயே படுத்துச் சமைத்து ஊர் சுற்றுகிற மாதிரி மாற்ற, கரூரில் பாடி வேலைக்கும் விட்டுவிட்டாய். தங்கச்சி எப்படி ஒத்துக்கொண்டாள்? இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. என்னிடம் எதையாவது சொல்லவேண்டும் என்றால் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் வேலைக்கு என்னென்ன வாங்கவேண்டும் என்று லிஸ்ட் கேட்டிருக்கிறாய். லிஸ்ட் அப்புறம். என் வண்டியில் நடந்ததை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. முதலில் அதைக் கேள்.

போன வருஷம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவு, உனக்குத் தெரியும். முப்பதைத் தாண்டியிருப்போம், பின்னாலிருந்து ரப்பர் எரிகிற வாசனை. பிரேக் சூடாகிவிட்டது என்று நினைத்து ஓரங்கட்டினேன். உன் தங்கச்சிதான் கட்டிலுக்கு அடியிலிருந்து புகை வருவதைப் பார்த்துக் கத்தினாள். நல்லவேளை, பேட்டரி மெயின் சுவிட்சைக் கதவுப் பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருந்தேன். ஒரே திருப்பு, அணைந்துவிட்டது. அதைக் கட்டிலுக்குள் வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை யார் எழுதியிருப்பார்களோ.

பிரித்துப் பார்த்தேன். பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் ஒரு தகட்டு ஓட்டை வழியாக நுழைகிறது. அந்த ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம், குரோமெட், போடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்திருக்கிறது. கடைசியில் செம்பு பாடியைத் தொட்டு ஷார்ட். ஃபியூஸ் இல்லையா என்று கேட்பாய். இருந்தது, பிரிட்ஜுக்குப் பக்கத்தில். ஷார்ட் ஆனதோ ஃபியூஸுக்கு முன்னால், பேட்டரிப் பக்கம். அந்த ஃபியூஸுக்கு எதுவுமே தெரியாது.

முப்பத்தியொரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் 415 வோல்ட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். பேனல் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். டெஸ்டரை வைத்தால் லைட்கூட எரியாத 12 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் கொளுத்திவிடும். ஃபியூஸ் இருப்பது சாமானைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. ஆகவே அது பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். அந்த ஒரு சாண் ஒயருக்கு மட்டும்தான் காவல் இல்லை. அதையும் குழாய்க்குள் விட்டு, எதிலும் உரசாமல் கட்டிவிடு.

நீ பேங்க்காரன், கணக்கு உனக்குப் பிடிக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டில் 9 ஆம்பியர்கூட இழுக்காது. அதையே வேனில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 12 வோல்ட் பக்கம் 175 ஆம்பியருக்கு மேல் போகும். வோல்ட் குறைந்த அளவுக்கு ஆம்பியர் ஏறும், ஒயரைச் சூடாக்குவது அந்த ஆம்பியர்தான். அதுவும் ஆம்பியர் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு. இண்டக்‌ஷன் ஆசையை இப்போதே விட்டுவிடு. சமையலுக்குச் சின்ன கேஸ் சிலிண்டர் போதும். ஆனால் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படுத்துக்கிடக்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டியில் அடிப்பக்கம் வெளியே போக ஓட்டை வேண்டும், பக்கத்தில் சுவிட்சோ பேட்டரியோ கூடாது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தங்கச்சியோடு உட்கார். ஒரு நாளைக்கு என்னென்ன ஓடும், எவ்வளவு நேரம்? என் கணக்கைச் சொல்கிறேன். கம்ப்ரஸர் பிரிட்ஜ் 45 வாட். நம் வெயிலுக்குப் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 540 வாட்-அவர். 15 வாட் விசிறி இரண்டு, பத்து மணி நேரம், 300. விளக்குகள் 80. போன், லேப்டாப் 150. தண்ணீர் பம்ப் 15. காலையில் சட்னி அரைக்க 500 வாட் மிக்ஸி நாலு நிமிஷம், சுமார் 35. மொத்தம் 1,120. சட்னிக்குச் செலவு ஒன்றுமில்லை, பார்த்தாயா? ஆனால் அந்த நாலு நிமிஷமும் பேட்டரி ஒயரில் 45 ஆம்பியர் ஓடும். எவ்வளவு நேரம் என்பது பேட்டரியின் அளவைச் சொல்லும், எவ்வளவு ஆம்பியர் என்பது ஒயரின் தடிமனைச் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. இன்னொன்று, இன்வெர்ட்டரைச் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே 15 வாட் தின்னும். ஒரு நாளைக்கு 360, பிரிட்ஜில் மூன்றில் இரண்டு பங்கு. சட்னி முடிந்ததும் அணைத்துவிடு.

ஏசி வேண்டும் என்று உன் மகன் கேட்பதாக எழுதியிருக்கிறாய். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு நாலைந்து யூனிட் வேண்டும். அதற்குப் பேட்டரி வாங்குகிற காசில் வாழ்நாள் முழுக்க ஊட்டியில் ரூம் போடலாம் என்று சொல்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் வாங்கு. 2,560 வாட்-அவர் வரும். மழை பிடித்து வெயில் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் ஓடும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிறதே, அந்த டியூபுலர் பேட்டரி மலிவுதான். ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். படுக்கிற கட்டிலுக்கு அடியில் அது வேண்டாம். லித்தியத்துக்கும் ஒரு குணம் உண்டு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். நீ லடாக்கில் லே வரைக்கும் போகப்போவதாகச் சொல்கிறாய். அதனால் குளிரில் சார்ஜை நிறுத்துகிற பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் காவல் சர்க்யூட், உள்ளதாகப் பார்த்து வாங்கு, பேட்டரியையும் கேபினுக்குள்ளேயே வை. பிஎம்எஸ் இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு என்று கடைக்காரன் சொல்வான். பிஎம்எஸ் எலெக்ட்ரானிக் சாமான், அதுவே பழுதாகலாம். ஃபியூஸுக்கு உருகுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அந்த மெயின் ஃபியூஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். லித்தியம் பேட்டரியை ஷார்ட் செய்தால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். சாதாரண கார் ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி வில்லாக நின்று கரண்டைக் கடத்திக்கொண்டே இருக்கலாம். கிளாஸ் டி (Class T) என்று ஒரு வகை இருக்கிறது, 20,000 ஆம்பியர் வரை அறுத்துவிடும். விலையைப் பார்த்து முகம் சுளிக்காதே. 1,000 வாட் இன்வெர்ட்டருக்குமேல் உனக்குத் தேவையில்லை. அது 95 ஆம்பியர் இழுக்கும், அதோடு கால் பங்கு கூட்டினால் 119. ஆகவே 125 ஆம்பியர் ஃபியூஸ், 35 ஸ்கொயர் எம்எம் ஒயர். இழுக்கிற கரண்டைவிட ஃபியூஸ் பெரியது, ஃபியூஸைவிட ஒயர் பெரியது. இந்த வரிசை எங்கேயும் மாறக்கூடாது. பேட்டரியின் பிஎம்எஸ்ஸும் இந்தக் கரண்டைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்.

பாடி பட்டறையில், கரண்ட் கூடினால் தானே விழும் வீட்டு எம்சிபி சுவிட்சை 12 வோல்ட்டில் மாட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட், அதாவது திசை மாறி மாறி ஓடுவது, நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது, சுவிட்சுக்குள் எழும் தீப்பொறி அப்போது தானாக அணையும். பேட்டரியின் டிசி ஒரே திசையில் ஓடும், அப்படி மூச்சு விடாது. டிசிக்கு என்று அச்சடித்த பிரேக்கரும் சுவிட்சும்தான் வாங்கவேண்டும்.

ஒயர் தடிமனில் நான் பட்ட இன்னொரு பாடு. பிரிட்ஜ் ராத்திரி இரண்டு மணிக்கு நின்று நின்று ஓடியது. பேட்டரியில் பாதிக்குமேல் சார்ஜ் இருக்கிறது. பிரிட்ஜைக் குறை சொல்லி அரை நாள் வீணாக்கினேன். அப்புறம் மீட்டரை எடுத்தேன். பிரிட்ஜ் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது, போக வரப் பத்து மீட்டர். நான் போட்டிருந்தது 1.5 ஸ்கொயர். 5 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்குமேல் ஒயரே தின்றுவிடுகிறது. கம்ப்ரஸர் கிளம்புகிற நேரத்தில் இன்னும் இறங்கும், வோல்டேஜ் இல்லை என்று பிரிட்ஜ் தானே அணைந்துவிடும். 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்குத் தெரியும்? 12-ல் அது பெரிய பங்கு. 4 ஸ்கொயர் போட்டேன், கால் வோல்ட்டுக்குக் கீழே வந்தது. மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயராக வாங்கு. வீட்டு ஒயரின் தடித்த இழைகள் அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். ஒயர் முனையில் லக் என்ற செம்பு வளையம் மாட்டும் இடத்தில் ஈயம் வைக்காதே, ஈயம் நிற்கிற விளிம்பில்தான் ஒயர் ஒடியும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் அமுக்கி, இழுத்துப் பார்த்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடு. பேட்டரியில் கைவைக்கும் முன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிவிடு. ஸ்பேனர் கைப்பிடிக்கு டேப் சுற்று.

சோலாருக்கு 200 வாட் பேனல் இரண்டு, பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர். கூரையில் படுத்துக்கிடக்கும் பேனல் கொதிக்கும், சூட்டில் பவர் குறையும். எல்லாக் கழிவும் போக வெயில் நாளில் 1,400 வாட்-அவர் வந்தால் சந்தோஷப்படு. கன்ட்ரோலரில் எப்போதும் பேட்டரியை முதலில் மாட்டு, பேனலைப் பின்னால். கழற்றும்போது தலைகீழ். வண்டி ஓடும்போது, இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்து லித்தியத்துக்குக் கொடுக்காதே. லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் கருகிவிடும். நடுவில் 30 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் போடு, அதன் இரண்டு பக்கமும் ஃபியூஸ்.

கடைசியாக 230 வோல்ட் பக்கம். இதில் நீ கைவைக்காதே, லைசன்ஸ் உள்ள ஒயர்மேன் வரட்டும். ஆனால் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள். வழியில் லாட்ஜிலோ பெட்ரோல் பங்கிலோ பிளக் செருகுவாய். அங்கே எர்த் பின் எதிலும் சேராமல் சும்மா நிற்கலாம், பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கலாம். வண்டி நான்கு டயர்மேல் நிற்கிறது, உள்ளே எங்காவது லீக் ஆனால் பாடி முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை கதவுக் கைப்பிடியைத் தொட்டால் என்ன ஆகும்? அதனால் பிளக் உள்ளே வந்ததுமே, லீக் ஆனால் சட்டென்று அறுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அடுத்து இரண்டு கம்பியையும் சேர்த்து அறுக்கும் எம்சிபி, வண்டி பாடிக்கு எர்த் ஒயர். பாக்கெட்டில் ஒரு சாக்கெட் டெஸ்டர். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கு.

இன்வெர்ட்டர் பக்கம் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் நியூட்ரல் பெரும்பாலும் எதிலும் சேராமல் மிதக்கும், அப்போது அங்கே உள்ள ஆர்சிசிபி வெறும் பொம்மை. இன்வெர்ட்டர் மேனுவல் அனுமதித்தால் நியூட்ரலையும் எர்த்தையும் ஓரிடத்தில் சேர்க்கவேண்டும். ஆனால் வெளி பிளக் மாட்டியிருக்கும்போது அந்தச் சேர்க்கை இருக்கக்கூடாது. இரண்டு கம்பியையும் மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்தால் இரண்டு கரண்டும் ஒருபோதும் சந்திக்காது. ஒயர்மேனிடம் இதைக் கேள். முழித்தான் என்றால் வேறு ஆளைப் பார்.

ஆர்டிஓ அனுமதியை மறக்காதே, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை மாற்ற அது வேண்டும். ஒரு பவுடர் தீயணைப்பான் வாங்கிக் கதவுப் பக்கம் மாட்டு. உள்ளே மாட்டினால் தீயைத் தாண்டிப் போய்த்தான் எடுக்கவேண்டும்.

பட்டறையில் சுவருக்குப் பிளைவுட் அடிக்கும் முன் வேலையை ஒரு நாள் நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு. கோயம்புத்தூரிலிருந்து கரூர் எவ்வளவு தூரம், காலை பஸ் பிடித்தால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். பை நிறைய குரோமெட் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு தகட்டு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்க்கவேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் ஹாஸ்டல் ஒயர்மேன்