தம்பியின் இரண்டு வருஷப் பிணை முடிந்தது: கூட நின்றவர்களுக்கு நன்றி

நன்னடத்தை அலுவலர் மேடம், கவுன்சிலிங் சார், போட் மெக்கானிக் அண்ணன், பக்கத்துத் தெரு அம்மா, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் என் தம்பியை வெளியே விட்டிருந்த நன்னடத்தைப் பிணை போன மாதத்தோடு முடிந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அவன் மேல் ஒரு கேஸ் இல்லை. "நீயே எழுதுக்கா, எனக்கு வராது" என்று சொல்லிவிட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

நடந்ததை மறைக்க மாட்டேன். சென்னை காசிமேட்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, குடித்திருந்த நேரத்தில், கூட இருந்தவர்கள் ஏற்றிவிட, பக்கத்துத் தெருப் பையனை பாட்டிலால் அடித்தான். அந்தப் பையனுக்குக் கையில் ஒன்பது தையல். தம்பியைப் புழல் ஜெயிலில் ரிமாண்ட் செய்தார்கள். மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் உள்ளே பழக்கமான புது ஆள் ஒருவனின் பெயரைச் சொல்வான். கேஸைவிட அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தீர்ப்பு நாளில் அவனுக்கு 20 வயது. 1958ஆம் வருஷத்துக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை வக்கீல் எடுத்துச் சொன்னார். ஆயுள் தண்டனை வரை போகாத குற்றம் என்றால், 21 வயது ஆகாதவரை ஜெயிலுக்கு அனுப்பும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோர்ட் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் இப்படி ஒரு பையன் இருந்தால் தயவுசெய்து உங்கள் வக்கீலிடம் இதைக் கேளுங்கள். எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

மேடம், அந்த அறிக்கைக்காக நீங்கள் வீட்டுக்கு வந்தபோது "ஏன்டா அடிச்சே" என்று கேட்கவே இல்லை. எந்த வகுப்பில் படிப்பை விட்டான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே போவான், யார் போன் செய்தால் உடனே கிளம்புவான் என்றுதான் கேட்டீர்கள். அம்மா வைத்த டீ ஆறி ஆடை கட்டும்வரை எழுதிக்கொண்டே இருந்தீர்கள்.

சார், உங்களிடம் நான் ஒருநாள் சண்டைக்கே வந்தேன். "எல்லா குரூப் வகுப்பிலும் இவனைச் சேர்த்துவிடுங்க" என்றேன். நீங்கள் மறுத்தீர்கள். மறுபடி தப்பு செய்யும் ஆபத்து குறைவான பையனைப் பெரிய கேஸ்காரர்களோடு உட்கார வைத்தால் அவன் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு என்றீர்கள். ஆபத்துக்கு ஏற்ற அளவு கவனிப்பு, குற்றத்துக்கு இழுக்கிற காரணங்களுக்குச் சிகிச்சை, ஆளுக்குப் புரிகிற விதத்தில் சொல்லித் தருவது, இந்த மூன்றையும் கனடாவின் உளவியல் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோஜ் 1990லேயே எழுதிவிட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினீர்கள். புழல் வாசலில் நான் பயந்த பயம் வீண் பயம் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவன் எட்டாவதோடு நின்றவன். நீளமாக எழுதச் சொல்லாமல் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தீர்கள்: என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, நான் என்ன செய்தேன். முதல் கட்டத்தில் "சிரிச்சான்" என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் "என்னைக் கேவலமா நினைக்கிறான்". மூன்றாவதில் "அடிச்சேன்". "அவன் உன்னைப் பார்த்துத்தான் சிரிச்சானா?" என்று நீங்கள் கேட்டதற்கு இரண்டு வாரம் அவனிடம் பதில் இல்லை. அப்புறம் "தெரியலை சார்" என்றான். அந்தத் தாளை அம்மா ரேஷன் கார்டு கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அண்ணே, கேஸ் விஷயம் தெரிந்ததும் ஓரிடத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் எல்லாம் தெரிந்தே கூப்பிட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், இஞ்சின் வேலைக்கு ஆள் வேண்டும் என்றீர்கள். தடைக்காலம் முடிந்தும் அவனை அனுப்பவில்லை. சனிக்கிழமைக் கூலியை அவனுக்கு மட்டும் திங்கட்கிழமை காலையில் கொடுத்தீர்கள். சனிக்கிழமை ராத்திரி கையில் காசு இல்லாததால் எத்தனை வம்பு எங்கள் வாசலுக்கு வராமல் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

நடுவில் ஒரு தடவை, ஆடித் திருவிழாவில், மறுபடி குடித்தான். மறுநாள் காலையில், கவுன்சிலிங் சார், அவனாகவே உங்களைத் தேடி வந்தான். "வந்தியே, அது போதும்" என்று சொல்லி ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போனீர்கள்.

கடைசியாக, பக்கத்துத் தெரு அம்மாவுக்கு. கோர்ட் சொன்ன நஷ்ட ஈட்டைத் தம்பி தன் கூலியிலிருந்துதான் கட்டினான். அதனால் உங்கள் மகன் கையில் இருக்கும் தழும்பு மறையாது. எங்களிடம் நீங்கள் பேச வேண்டும் என்றும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் தண்ணி லாரி வந்தபோது உங்களால் குடத்தைத் தூக்க முடியவில்லை. தம்பி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றான். நீங்கள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். அப்புறம் குடத்தை அவன் கையில் கொடுத்து, "படியில ஈரம், பாத்து எடுத்துட்டுப் போ" என்றீர்கள்.

அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடாமல் அழுதான், அம்மா. உங்களுக்கு எங்கள் நன்றி.

இப்படிக்கு,
ஓர் அக்கா, காசிமேடு