சைக்கிள் வட்டத்தின் ஆண்டறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சனிக்கிழமை மாலை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு ஏற்கெனவே எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். அதை மறுபடி வாசித்து நேரத்தைக் கடத்தப் போவதில்லை.

இந்த ஆண்டில் நம் தமிழர் சைக்கிள் வட்டம் தார்ச்சாலையை ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டுச் சரளைப் பாதைக்கு மாறியது. தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை ஒட்டிய மலைச் சாலைகளில் பின்னால் வரும் கார்களுக்குப் பயந்து வெள்ளைக்கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் நாம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகலாம் என்கிற சாலையில் வாகன ஓட்டிகள் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் நம் முழங்கைக்கு அருகில் வந்து நின்று அளந்து பார்ப்பதில்லை. ஆகவே பெரும்பாலோர் அகலச் சக்கரம் பொருத்திய கிராவல் சைக்கிள்களை வாங்கிவிட்டார்கள். சிலர் பழைய மலைச் சைக்கிளிலேயே வருகிறார்கள். அவர்களும் நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள் என்பதைப் புது வண்டி வாங்கத் துடிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் பயணங்களில் பெரும்பகுதி கிளேர் பள்ளத்தாக்கிலேயே நடந்தது. அடிலெய்டுக்கு வடக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே நாம் ஓட்டுவது பழைய ரயில் தடம். 1918இல் கிளேர் வரை வந்த ரயில் பின்னர் ஸ்பால்டிங் வரை நீண்டது. 1983 பிப்ரவரியில் சாம்பல் புதன் அன்று பரவிய காட்டுத்தீ தடத்தைச் சேதப்படுத்தியது. அடுத்த ஆண்டே வழித்தடம் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த இடத்தில், ஆபர்னிலிருந்து கிளேரையும் தாண்டி மொத்தம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது ரீஸ்லிங் பாதை. அதற்குத் தெற்கே ஆபர்னுக்கும் ரிவர்ட்டனுக்கும் இடையே 2010இல் ராட்லர் பாதை திறக்கப்பட்டது. அது 19 கிலோமீட்டர். இரண்டையும் பராமரிப்பதில் உள்ளூர்த் தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. நமக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை.

ரயில் ஏறுவதற்காக வெட்டியும் நிரப்பியும் போட்ட தடம் என்பதால் ஏற்றம் நெஞ்சை அடைக்காது. ஆபர்னிலிருந்து லீசிங்காம், வாட்டர்வேல் என்று திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சீராக ஏறி, பென்வர்தம் அருகே உச்சியைத் தொட்டு, பிறகு செவன்ஹில் வழியாகக் கிளேருக்கு இறங்கலாம். மூட்டுவலிக்காரர்கள் கிளேரிலிருந்து புறப்படுவதா ஆபர்னிலிருந்து புறப்படுவதா என்று ஒவ்வொரு முறையும் வாகன நிறுத்தத்தில் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். இரண்டு பக்கமும் ஏற்றம்தான். இந்த விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செவன்ஹில்லில் நிற்காமல் போன பயணம் இல்லை. ஆஸ்திரியாவிலிருந்து வந்த யேசு சபைத் துறவிகள் 1851இல் பூசைக்கான திராட்சை ரசம் தயாரிக்கவென்று தொடங்கிய இடம் அது. பள்ளத்தாக்கின் முதல் திராட்சை மது ஆலையும் அதுவே. பூசை ரசம் இன்றும் அங்கிருந்து போகிறது. அதே யேசு சபை நடத்தும் பாளையங்கோட்டை சவேரியாரிலும் திருச்சி ஜோசப்பிலும் படித்த நம் அண்ணன்மார் இருவர் சாமியார்களின் கண்டிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கட்டுச்சோறு ஆறிவிடும். பென்வர்தத்தை நிறுவிய ஜான் ஹாரக்ஸின் கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: 1846இல் ஆய்வுப் பயணத்தின்போது ஒட்டகம் அசைந்ததில் துப்பாக்கி வெடித்துக் காயம்பட்டு, அதனாலேயே இறந்துபோனவர். ஒட்டகத்தையும் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் ஒட்டகத்தின் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள்.

செப்டம்பர் பயணம் தனியாகக் குறிப்பிடத் தக்கது. அந்த மாத நடுவில் அடித்த உறைபனியில் பல தோட்டங்களில் துளிர் கருகிக் கிடந்தது. மழையும் பொய்த்த ஆண்டு. ராட்லர் பாதையில் கடுகு இனப் பயிரான கனோலா மஞ்சளாகப் பூத்திருந்தாலும் மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அங்கே நிழல் கிடையாது. வடக்குக் காற்று வீசினால் இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டும். ரைனி என்ற சிற்றூரைத் தாண்டியதும் முன்னால் போன அக்கா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். பாதையின் குறுக்கே கட்டை வால் கொண்ட அரணைகள் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. வசந்தத்தில் இவை இணையாகவே திரியும். ஆண்டுதோறும் பழைய துணையையே தேடி வருகிறவை நிறைய உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பின்னது முன்னதைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. அவை புல்லுக்குள் இறங்கும்வரை ஒருவரும் பெடலில் கால் வைக்கவில்லை.

அதே பாதையில்தான் நெருஞ்சியும் நம்மைப் பிடித்தது. ஊரில் வெறுங்காலில் மிதித்த அதே செடிதான்; இங்கேயும் களையாகப் படர்ந்து கிடக்கிறது. டியூப் இல்லாத டயர்காரர்கள் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தார்கள். உள்ளிருந்த வெள்ளைத் திரவம் புஸ் என்று கொப்பளித்து அடைத்துக்கொண்டது. டியூப் போட்டிருந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டார்கள். இனி உதிரி டியூபும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் வருகிறவரைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது.

விபத்து ஒன்று. சாலைக் குறுக்கீடு ஒன்றில் உதிரிச் சரளையில் முன் பிரேக்கை இறுக்கிய உறுப்பினர் விழுந்து காறை எலும்பு முறிந்தது. இப்போது நலமாக இருக்கிறார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திராட்சை ஏற்றிய லாரிகள் இந்தக் குறுக்கீடுகளைக் கடக்கும். நின்று பார்த்துப் போக வேண்டும்.

இனி, சிலருக்குப் பிடிக்காத செய்திகள்.

தமிழர் குடும்பங்களை மதுத் தோட்டங்களுக்கு அழைத்துப் போகலாமா என்று பெரியவர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நம்மில் பாதிப்பேர் மதுவைத் தொடுவதே இல்லை. புளியோதரையும் தயிர்சாதமும் யாழ்ப்பாணத்து அக்காமார் கொண்டுவரும் இடியப்பமும் சம்பலும்தான் நம் விருந்து. சுவைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பயணம் முடிந்த பிறகு, காரையும் ஓட்டாதவராக இருந்தால் மட்டும் சுவைக்கலாம். போதையில் சைக்கிள் ஓட்டுவதும் இங்கே குற்றம்தான். இதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

அதைவிட முக்கியமானது மண். தென் ஆஸ்திரேலியத் திராட்சைக்கு ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி இதுவரை வரவில்லை. பக்கத்து விக்டோரியாவில் 1877இல் ஜீலாங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே யாரா பள்ளத்தாக்கின் பகுதிகள் இன்று நோய் தாக்கிய மண்டலத்துக்குள் இருக்கின்றன. செருப்பிலும் டயரிலும் ஒட்டிய மண்ணோடு இந்தப் பூச்சி பயணம் செய்யும். வந்துவிட்டால் தாக்குப்பிடிக்கும் வேரில் ஒட்டுக்கட்டி மறுநடவு செய்வதைத் தவிர வழியில்லை. ஆகவே யாரா பக்கம் ஓட்டிவிட்டு வந்த இருவரின் வண்டிகளைக் கிளேருக்கு ஏற்றும் முன் என் வீட்டுக் குழாயடியில் நிறுத்தி, பழைய பல்துலக்கியால் டயர்ப் பள்ளம் ஒவ்வொன்றையும் தோண்டிக் கழுவ வைத்தேன். கோபித்துக்கொண்டார்கள். அடுத்த முறையும் அப்படித்தான் செய்வேன். புகைப்படத்துக்காகக் கொடி வரிசைக்குள் இறங்குவதையும் இன்றோடு நிறுத்த வேண்டும். அது ஒருவருடைய வயல்.

இறுதியாக, இன்றைய தீர்மானம். அடுத்த ஆண்டு நூறு பேரைத் திரட்டி, பதாகை, ஒலிபெருக்கி, பிரியாணி சகிதம் ரீஸ்லிங் பாதையில் மிதிவண்டித் திருவிழா நடத்தலாம் என்று முன்மொழிந்திருக்கிறார்கள். செயலாளர் நடுநிலையில் இருக்க வேண்டும் என்பது மரபு. ஆனால் என் கருத்தைப் பதிவு செய்கிறேன். நான் எதிர்க்கிறேன். நடைப்பயணிகளும் தள்ளுவண்டியோடு தாய்மாரும் வரும் பாதை அது. பத்துப் பேராகப் போனால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், வணக்கம் சொல்கிறார்கள். நூறு பேராகப் போனால் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். திருவிழாவுக்கு நகரத்தில் பூங்காக்கள் இருக்கின்றன. வாக்கெடுப்பு தேநீருக்குப் பிறகு.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே அவரைப் பார்த்துவிட்டால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்